60 ஃப்ரேம் டைம்லைனில் போட்டால் ஸ்லோமோஷன் சரியாகாது

தைப்பூசத்துக்கு பத்துமலையில் எடுத்த காவடி வீடியோக்களை எடிட் செய்பவர்கள் மத்தியில் ஒரு வாட்சாப் செய்தி சுற்றுகிறது: ட்விக்ஸ்டர் (எடிட்டிங் மென்பொருளில் சேர்த்து வீடியோவை ஸ்லோமோஷனாக்கும் ப்ளகின்) போட்டு வீடியோ துள்ளினால் ப்ளகின் கெட்டுவிட்டதாம், நொடிக்கு 25 ஃப்ரேம் (படம்) உள்ள கிளிப்பை 60 ஃப்ரேம் டைம்லைனில் (கிளிப்புகளை அடுக்கி எடிட் செய்யும் வரிசையில்) போட்டால் சரியாகிவிடுமாம். இது தவறு, துள்ளலே பல நேரம் அதனால்தான் வருகிறது.

60ஐ நிரப்ப மென்பொருள் ஒரே படத்தை இரண்டு மூன்று தடவை திரும்பப் போடுகிறது. ப்ளகின் பக்கத்துப் பக்கத்துப் படங்களை ஒப்பிட்டு அசைவைக் கணக்கிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அசைவே இல்லை என்று நினைக்கும், அடுத்த படத்தில் ஆள் திடீரென்று தாவுவார்.

நீங்களே பார்க்கலாம். ப்ளகினை அணைத்துவிட்டு அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள், காவடி அசையாமல் நின்று நின்று நகர்ந்தால் இதுதான் காரணம். கிளிப்பின் ப்ராப்பர்ட்டீஸில் உள்ள ஃப்ரேம் ரேட்டிலேயே டைம்லைனை அமையுங்கள்.

அப்புறம், மயிலிறகுகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் படம் குழைவது வேறு பிரச்சினை, அது எந்த ப்ளகினுக்கும் கடினம். அதற்கு முதலிலேயே 100 அல்லது 120 ஃப்ரேமில் எடுப்பதுதான் நல்லது.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.