ரோட்டரி என்ஜின் மாஸ்டாவின் கண்டுபிடிப்பா?

பிஸ்டன்களுக்குப் பதில் முக்கோணச் சுழலி சுழலும் ரோட்டரி என்ஜினைக் கண்டுபிடித்தது ஜப்பானிய கார் நிறுவனமான மாஸ்டாதான் என்று ஒரு செய்தி சுற்றிவருகிறது. தவறு. அதை உருவாக்கியவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல். என்எஸ்யு என்ற ஜெர்மன் வாகன நிறுவனத்தில் முதல் மாதிரி 1957இல் ஓடியது; மாஸ்டா 1961இல்தான் உரிமம் பெற்றது. இதனால் மாஸ்டாவின் பெருமை குறைந்துவிடாது. தொடக்கத்தில், சுழலியின் முனைகளில் வாயு கசியாமல் அடைக்கும் சீல்கள் உட்சுவரில் அலையலையாகக் கீறலிட்டு என்ஜினைப் பாழாக்கின. மாஸ்டா பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவின் குழு அலுமினியம் சேர்த்த கார்பன் சீல்களால் அதற்கு முடிவுகட்டி, 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எத்தனை பெரிய உழைப்பு!

'ஆயில் குறைந்தால் என்ஜின் போய்விட்டது' என்றும் அதே செய்தி பயமுறுத்துகிறது. உரிமையாளர்களை வீணாக அலைக்கழிப்பது இதுதான். அந்த சீல்கள் தேயாமலிருக்கவே சிறிதளவு ஆயில் உள்ளே செலுத்தப்பட்டு, பெட்ரோலோடு எரிகிறது. அளவை அடிக்கடி பார்த்து நிரப்பினால் போதும். என்ஜினின் உண்மை நிலையை, உள்ளே எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனைதான் சொல்லும்.