உலைக்கு முன் ஒரு பிடி

தியாகம் என்றால் நம் பிரசங்கங்களில் பெரிய பெயர்கள்தான் வரும். ஐம்பது வருடத்துக்கும் மேல் தாய்நாடு திரும்பாமல் இந்தியாவிலேயே உழைத்து, 1951-ல் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரிலேயே அடக்கம் பண்ணப்பட்ட ஏமி கார்மைக்கேல். வேலூரில் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர். அவர்களை நினைப்பது நல்லதுதான். ஆனால் அவர்களையே சொல்லிச் சொல்லி, தியாகம் மிஷனரிகளுக்கு, நமக்கு ஞாயிறு ஆராதனையும் காணிக்கைக் கவரும் என்று பங்கு பிரித்துக்கொண்டோம். இந்தப் பங்கீட்டை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நம் விசுவாசம் வேரூன்றியது அடுப்பங்கரையில்.

எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. என் ஆச்சி உலைக்கு அரிசியை அளந்து வைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். அளந்த பிறகு எடுப்பதுதான் இதில் முக்கியம். சாப்பிட்டு மீந்ததைக் கொடுப்பதில்லை. அன்றைக்கு வயிற்றுக்குப் போக வேண்டியதே ஒரு பிடி குறைகிறது. ஒவ்வொரு வேளையும் குறைகிறது. பனையேறிப் பிழைத்த வீடுகளில் அந்த ஒரு பிடிக்கு என்ன மதிப்பு என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய தோழர்களும் 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார்கள். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்துச் சபைகள் பழகியிருந்த காலம் அது. ஏழைச் சபையாலும் கொடுக்க முடியும் என்று அசரியா நம்பினார். பிறகு நிஜாம் ராஜ்யத்தில் இருந்த டோர்னக்கலுக்குப் போய், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அங்கேயும், நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு, சமைக்கும் முன் ஒரு பிடி எடுத்து வைப்பதைப் பழக்கினார்கள்.

மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையிலும் இதே போன்ற வழக்கம் உண்டு. 1910-ல் தொடங்கியது. அங்கே புஃபாய் தாம் என்கிறார்கள். பெண்கள் வீடுவீடாகப் போய் அந்த அரிசியைச் சேர்த்து, விற்று, ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். தொடங்கிய மறு வருடமே மூங்கில் பூத்து, எலி பெருகி, விளைச்சல் போய்ப் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்துக்குப் பின்னும் வழக்கம் அற்றுப்போகவில்லை. இன்றும் நடக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டட நிதி கேட்கும் ஞாயிறுகளில் தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவை தவறாமல் பிரசங்கத்தில் வந்துவிடுவாள். மாற்கு சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் அதற்குச் சற்று மேலே, 40-ஆம் வசனத்தையும் வாசியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்காக நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்கள் அதிக ஆக்கினை அடைவார்கள் என்கிறார் ஆண்டவர். அடுத்த அதிகாரத்தில், அவள் காணிக்கை போட்ட எருசலேம் ஆலயமே கல்லின்மேல் கல் இராமல் இடிக்கப்படும் என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த விதவை நிற்கிறாள். அவள் கொடுத்ததை அவர் மெச்சினார், உண்மைதான். ஆனால் இல்லாதவளிடம் கேட்டு வாங்குகிறவர்களுக்கு அந்தப் பகுதியில் எந்த ஆதரவும் இல்லை.

அதே மாற்கு 7-ல் கொர்பான் பற்றிய பேச்சு வருகிறது. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிட்டால் கடமை தீர்ந்தது என்ற போதனையை அவர் கடுமையாகக் கண்டித்தார். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போகிறார். சாயங்காலமும் அதே பாடு. பாடகர் குழுப் பயிற்சிக்கு அவரால் வர முடிவதில்லை. சபைக் காரியத்தில் அவருக்கு ஈடுபாடு குறைந்துவிட்டது என்று சிலர் பேசினார்கள். கேட்டபோது மனது கொதித்தது. உங்கள் சரீரங்களை ஜீவபலியாக, உயிருள்ள பலியாக, ஒப்புக்கொடுங்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதினாரே, அது அந்த வீட்டின் பின்கட்டில் தினமும் நடக்கிறது. அதைப் பார்க்கத் தெரியாத கண்ணுக்கு பலிபீடம் மட்டும் எப்படித் தெரியும்?

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் உபவாசம் இருக்கிறோம். ஏசாயா 58 உபவாசத்தைப் பற்றித்தான் பேசுகிறது: உபவாசிக்கிற நாளிலும் வேலையாட்களை வருத்துகிறீர்களே என்று கேட்கிறது, பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தைப் பத்தாம் தேதிவரை இழுத்தடித்துக்கொண்டே நாற்பது நாள் உபவாசம் இருக்க முடியாது. மகனுக்கு நகை இத்தனை, கார் இன்னது என்று பேசி முடித்துவிட்டு அதே கையால் தசமபாகக் கவரை ஒட்டவும் முடியாது. வரதட்சணை வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் முன்னிலையில் சொல்கிற தகப்பன் இழப்பது பெரிய தொகை, அதோடு கொஞ்சம் கௌரவமும். அந்த இழப்புக்குத் தியாகம் என்று தாராளமாகப் பெயர் வைக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஆச்சி எடுத்த அந்தப் பிடி யாருடைய தட்டில் குறைந்தது? தாத்தாவுக்குக் குறையவில்லை, பிள்ளைகளுக்கும் குறையவில்லை. கடைசியாகச் சாப்பிட்டவள் தட்டில்தான் குறைந்தது. அப்படிப்பட்ட பெண்களின் அரிசியில் எத்தனையோ சபைகள் வளர்ந்தன. கல்வெட்டுகளில் இருப்பதோ பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். ஆச்சி மனதாரத்தான் கொடுத்தாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் ஒருத்தி மட்டும் சுமக்க, மற்றவர்கள் அதைக் குடும்பத்தின் பக்தி என்று சொல்லிக்கொள்வது நியாயம் இல்லை. அநுதினமும் சிலுவையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னவர், அதை மனைவியின் தோளில் ஏற்றிவிட்டு வரலாம் என்று யாருக்கும் சொல்லவில்லை.

அதனால் வரும் லெந்துக்கு எங்கள் வீட்டில் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். உலைக்கு அரிசி அளப்பதும் அதிலிருந்து பிடி எடுப்பதும் ஆண்களின் வேலை. அவர்கள் அன்று கடைசியில் சாப்பிடுவார்கள். சேரும் அரிசி எங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர்களுக்குப் போகும். அவர்கள் எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்கப் போவதில்லை; ஆலயத்தில் அறிவிப்பும் கிடையாது. உங்கள் ஊரில் கைப்பிடி அரிசி இன்னும் இருந்தால், யார் எடுக்கிறார்கள், யாருக்குப் போகிறது என்று எழுதுங்கள். எங்களுக்கு உதவும்.