பதிவில் ஏஎம்ஜி இல்லையென்றால் வண்டி போலியா?

மெர்சிடிஸ் வண்டிகளை வேகமானவையாக மாற்றியமைத்த நிறுவனம் ஏஎம்ஜி. அப்படி மாற்றியதாகச் சொல்லப்படும் எண்பதுகளின் மெர்சிடிஸ் செடான்களைப் பற்றி ஒரு செய்தி சுற்றிவருகிறது: “சேசிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். தொழிற்சாலைப் பதிவில் ஏஎம்ஜி என்று இல்லையென்றால் வண்டி போலி.” இது தவறு.

1967இல் ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்டும் எர்ஹார்ட் மெல்ஷரும் தொடங்கிய ஏஎம்ஜி, அன்று மெர்சிடிஸுக்குச் சொந்தமானதல்ல. தொழிற்சாலையிலிருந்து சாதாரண வண்டியாக வெளிவந்த பிறகுதான் அது ஏஎம்ஜி பட்டறைக்குப் போகும். 1986இல் வந்த புகழ்பெற்ற ‘ஹாமர்’ கூட அப்படித்தான். அடிப்படை வண்டி 300இ. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு 32 வால்வு வி8 பொருத்தினார்கள். ஆகவே அசல் ஹாமரையும் தொழிற்சாலைப் பதிவு வெறும் 300இ என்றே காட்டும்! இரு நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டது 1990இல்; சேர்ந்து உருவாக்கிய சி36 வந்தது 1993இல்.

சரி, பேட்ஜும் சக்கரமும் இருந்தால் அசல்தானா? அதுவும் இல்லை. ஏஎம்ஜி பாகங்கள் தனியாகவும் விற்கப்பட்டன. யாரும் வாங்கி மாட்டியிருக்கலாம்.

பார்க்க வேண்டியவை வேறு: பட்டறை ரசீது, எஞ்சின் பாகங்களில் உள்ள முத்திரை, ஜெர்மன் வாகனப் பத்திரத்தில் மாற்றங்களைக் குறித்த பதிவு. முதல் உரிமையாளரின் நினைவுகளையும் நான் மிகவும் மதிக்கிறேன். எந்த ஆண்டு, எங்கே பொருத்தினார்கள் என்று அவர் சொல்வதைப் பழைய படங்களோடும் காகிதங்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிஎம்டபிள்யூ வண்டிகளை இப்படி மாற்றியமைத்த ஆல்பினாவின் கதை தனி. 1983இல் அது ஜெர்மனியில் வாகனத் தயாரிப்பாளராகவே பதிவாகிவிட்டது.