தடைக்காலத்தில் கைவிட்ட சம்மாட்டி

எங்கள் அறக்கட்டளைக்கு நிதி திரட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த பெண் ஜூன் கடைசியில் வேலையை விட்டுவிட்டாள். ஐந்து வருடத்தில் இது மூன்றாவது ஆள். நாங்கள் சின்ன அமைப்பு. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். அறங்காவலர் கூட்டத்தில் ஒருவர், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு இடத்துல நிக்கிற குணமே கிடையாது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன்.

ஆடி அமாவாசைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. மதுரையில் ஒரு பெரியவர். வருடா வருடம் அன்றைக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் வருவார். அக்னி தீர்த்தம், கோயில் எல்லாம் முடித்துத் திரும்பும்போது இவள் அவரைப் பாம்பனில் அரைமணி நேரம் இறக்கிவிடுவாள். பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டுப் போவார், அடுத்த வாரம் பணம் வரும். இந்த வருடமும் வந்தாராம். யாரும் கூப்பிடவில்லை. பாலம் தாண்டிப் போய்விட்டார். அவர் நம்பர் எங்கள் ஆபீஸ் போனில் இல்லை, அவள் போனில் இருந்தது.

நன்கொடையாளர் பட்டியல் என்று கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறோமே, அது வெறும் பெயர்கள். அவளுக்குத் தெரிந்தது வேறு. கீழக்கரைக்காரர் ஒருவர் துபாயிலிருந்து தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்புகிறார். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அவர் தம்பி பிரிட்டன் குடியுரிமை வாங்கிவிட்டார். அவர் அனுப்பினால் வெளிநாட்டு நிதிதான், வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான அரசுப் பதிவு எங்களுக்கு இல்லாததால் வாங்கக் கூடாது. அண்ணனுக்கு நன்றி சொல்லி, தம்பிக்கு மனம் நோகாமல் மறுத்து, இருவரையும் விடாமல் வைத்திருந்தாள். மரிக்கொழுந்துப் பாசிக்கும் கஞ்சிப்பாசிக்கும் வித்தியாசம் தெரியாத சென்னை அதிகாரியை, விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கும் அக்காமாரிடம் கூட்டிப்போய் நிறுத்தியவளும் அவள்தான். புதிதாக வருகிறவர் இதையெல்லாம் பழக எத்தனை மாதம் ஆகும்?

சரி, அவளை நாங்கள் எப்படி வைத்திருந்தோம்? அவள் எழுதிய எந்த ப்ரொபோசலிலும் அவள் சம்பளத்துக்கு ஒரு வரி கிடையாது. வகுப்பு டீச்சருக்கு உண்டு, நோட்டுப் புத்தகத்துக்கு உண்டு, சுண்டலுக்குக்கூட உண்டு. பணம் கேட்கிற ஆளுக்குச் சம்பளம் என்று எழுதினால் கொடுக்கிறவர் முகம் சுளிப்பார் என்று நாங்களே அடித்துவிடுவோம். கடலுக்குப் போகிற போட்டில் டீசலும் ஐஸும் கழித்த பிறகுதான் பங்கு. டீசல் காசை எந்த மடையனும் வீண்செலவு என்று சொல்ல மாட்டான். தொண்டு நிறுவனத்தில் மட்டும் டீசல் இல்லாமலே போட் ஓட வேண்டும்.

சட்டமும் இந்த மனசோடுதான் இருக்கிறது. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்ததை 2020-ல் 20 ஆக்கினார்கள். கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர் பணத்தில் 5 சதவீதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அந்த 5 சதவீதம் கம்பெனி தன்னுடைய சி.எஸ்.ஆர் வேலையை நிர்வகிக்கும் செலவுக்கான வரம்பு. அதைக் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டுகிற அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்துப் பேசத் தைரியம் வந்ததில்லை.

போன நிதியாண்டில் ஒரு கம்பெனி பிப்ரவரியில் பணம் போட்டு, மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்குக் கொடு என்றது. ராப்பகலாக ரசீது சேர்த்து அனுப்பினாள். ஏப்ரலில் அவர்கள், இந்த வருடம் வேறு மாவட்டம் என்று சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் திட்டு வாங்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பணம் வந்தால் அமைப்பின் பெயரால் வந்தது, வராவிட்டால் அவளால் வரவில்லை.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை இந்தக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். எங்களுக்கும் அப்படித்தான், பழைய நிதியாண்டுப் பணம் தீர்ந்து புதியது வராத காலம். கடல்காரனுக்கு அரசு நிவாரணம் வருகிறது, போட்டுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் கொஞ்சம் முன்பணம் கொடுத்து வைப்பார். கொடுக்காவிட்டால் ஆள் அடுத்த போட்டுக்குப் போய்விடுவான் என்று அவருக்குத் தெரியும். படித்த எங்களுக்குத் தெரியவில்லை. மே மாதம் அவளுக்குச் சம்பளம் போடவில்லை. அதே மே 31-க்குள் நன்கொடையாளர்களின் பான் எண்ணைச் சேகரித்து வருமான வரித்துறையில் 10பிடி என்ற நன்கொடைக் கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் கொடுத்தவருக்கு 80ஜி வரிச்சலுகை சிக்கலாகும். அதையும் செய்து முடித்துவிட்டுத்தான் போனாள்.

கமிஷனில் ஆள் போடலாமே, போட்டிலும் பங்குதானே என்று எங்கள் பொருளாளர் யோசனை சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிடிபட்ட மீன் பிடித்தவர்களுக்குச் சொந்தம், வந்த நன்கொடை எங்களுக்குச் சொந்தமில்லை. பத்து சதவீதம் என்று வைத்தால் நாளைக்கே ஒருவன் பாசி எடுக்கும் அக்காவின் வெடித்த கையைப் போட்டோ பிடித்து, அழவைத்துக் காசு வாங்குவான். அமெரிக்க நிதி திரட்டுவோர் சங்கத்தின் நெறிமுறையிலேயே சதவீதக் கூலி கூடாது என்றிருக்கிறது. அதே நாட்டில் 2013-ல் ஒரு ஆய்வில், நிதி திரட்டும் பொறுப்பாளர்களில் பாதிப் பேர் இரண்டு வருடத்துக்குள் வேலையை விடுவோம் என்றார்கள். ஆக இது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் குணக்கேடு இல்லை.

அறங்காவலர்களிடம் நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சில்லறை நன்கொடையில் மூன்று மாதச் சம்பளத்தை முதலில் ஒதுக்குவோம், ஏப்ரல் வந்தால் எடுக்கலாம். களப்பணி ஒருங்கிணைப்பாளருக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். ஒவ்வொரு அறங்காவலரும் வருடத்துக்கு நாலு பேரிடம் தானே போய்க் கேட்க வேண்டும். கை நீட்டுகிற கூச்சம் என்னவென்று அப்போதுதான் தெரியும். கடைசி விஷயத்துக்குத்தான் எதிர்ப்பு பலமாக இருந்தது.

அவளுக்குப் போன் செய்தேன். இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. "பரவால்லக்கா, நம்பர் எல்லாம் அனுப்புறேன், எழுதிக்கங்க" என்றாள். மே, ஜூன் சம்பளம் இன்னும் பாக்கி. அதைப் போட்ட பிறகுதான் அடுத்த ஆளுக்கு விளம்பரம் என்று குரூப்பில் எழுதியிருக்கிறேன். பொருளாளர் பார்த்துவிட்டார், பதில் வரவில்லை.