மைனஸ்ல வந்தா தப்பா?

நேத்து ஸ்டாடிஸ்டிக்ஸ் தீசிஸ் வைவால (வாய்மொழித் தேர்வுல) ஒரு பொண்ணைப் பாத்து ஒரு ஐயா சிரிச்சது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், முழுசாத் திரும்பச் சொல்லல. அந்தச் சிரிப்புதான் உறுத்துது. பொண்ணு போர்டுல படம் போட்டு, பேட்ச் வேரியன்ஸ், அதாவது பேட்ச்சுக்குப் பேட்ச் எவ்ளோ சிதறல்ங்கிற அளவு, ஏன் மைனஸ்ல வந்துச்சுன்னு சொல்லிட்டிருக்கும்போதே "படமெல்லாம் ஸ்கூலோட சரிம்மா, மைனஸ் வந்தா கணக்கு தப்பு"ன்னு ஒரு சிரிப்பு.

தப்பில்லைங்க ஐயா. 6 பேட்ச், பேட்ச்சுக்கு 5 சாம்பிள், ஆக ரீடிங்குக்கு ஒரு டைமென்ஷன்னு வச்சா 30 ரீடிங்கும் சேர்ந்து 30 டைமென்ஷன்ல ஒரே ஒரு அம்பு. சராசரிக்கு 1 டைமென்ஷன், பேட்ச்சுகளுக்கு நடுவுல உள்ள வித்தியாசத்துக்கு 5 (6-ல 1 கழிச்சு), ஒரே பேட்ச்சுக்குள்ள வர்ற வித்தியாசமான எரருக்கு மீதி 24, மூணும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்து. பேட்ச் பக்கம் விழற நிழலோட நீளத்தை ஸ்கொயர் பண்ணி 5-ஆல வகுங்க, எரர் பக்கத்தை 24-ஆல வகுங்க, முதல்லேர்ந்து ரெண்டாவதைக் கழிச்சு, சாம்பிள் 5-ஆல வகுத்தா பேட்ச் வேரியன்ஸ். முதல்ல 2, அடுத்தது 3னு வந்தா விடை மைனஸ் 0.2. அம்பு எரர் பக்கம் சாஞ்சிருக்கு, அவ்ளோதான். நிஜ வேரியன்ஸ் மைனஸ்னு யாரு சொன்னா? டேட்டாலேர்ந்து போட்ட எஸ்டிமேட், அதாவது மதிப்பீடுதான் மைனஸ். ஸ்டாடிஸ்டிக்ஸ்காரங்க பாக்ஸும் தியாவும் 1973-லயே இதே 6-க்கு 5 அமைப்புல மைனஸ் வர்ற டேட்டா உருவாக்கிக் காட்டிட்டாங்க.

எங்க எம்.எஸ்ஸி.ல வேரியன்ஸைப் பிரிச்சுக் காட்டற அனோவா டேபிளை ஒப்பிச்சோம், அதுல டிகிரி ஆஃப் ஃப்ரீடம்னு நிக்கிற 24 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா "சிலபஸ்ல இல்ல". ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அண்ணாதான் ரூம் மூலைல ஈர்க்குச்சியைச் சாய்ச்சு வச்சு, தரைல எவ்ளோ சுவத்துல எவ்ளோன்னு காட்டி, டிகிரி ஆஃப் ஃப்ரீடம்னா டைமென்ஷன்டான்னார்.

"30 டைமென்ஷனை எவன் பாத்தான்"னு கேப்பீங்க. ஃபிஷர் 1915-ல கோரிலேஷனோட (ரெண்டு அளவு சேர்ந்து மாறுறதைச் சொல்ற எண்ணோட) டிஸ்ட்ரிபியூஷனைப் பிடிச்சதே பல டைமென்ஷன் ஜியோமெட்ரிலதான். நம்ம சி.ஆர்.ராவ், வேரியன்ஸை எஸ்டிமேட் பண்ற தன்னோட மின்க்யூ முறைல குறைச்சது ஒரு நார்மை, அதாவது நீளத்தை. பாட்டர்சன், தாம்சன் 1971-ல அதே வேலைக்குக் குடுத்த ரெம்எல் முறையும் ஃபிக்ஸட் எஃபெக்டுக்கு (இங்க சராசரிக்கு) செங்குத்தா நிக்கிற பாகத்தை மட்டும் எடுத்துக்கிற வேலை. இவங்களும் ஸ்கூல் பசங்களா?

"அன்பேலன்ஸ்டு டேட்டால (சாம்பிள் எண்ணிக்கை சமமில்லாததுல) செங்குத்து போயிடுமே"ன்னு இன்பாக்ஸ்ல ஒருத்தர். காரணி ஒண்ணுக்கு மேல இருந்தா போகலாம். அதுக்குத்தான் மாட்டு இனவிருத்தி பாத்த ஹெண்டர்சன் 1953-லயே மூணு மெத்தட் குடுத்தார். இங்க பேலன்ஸ்டு டேட்டாதானே, அப்புறம் எதுக்கு அந்தப் பேச்சு? "ஆர் சாஃப்ட்வேர்ல போட்டா 0னு வருதே"ங்கிறவருக்கு, அது 0-க்குக் கீழ போகாம எல்லைலயே நிறுத்திட்டு 0ன்னு சொல்லுது, ஏன்னு படம்தான் சொல்லும்.

படத்தைப் பாத்து சிரிக்கிறவங்க அந்த மைனஸ் ஏன் வந்துச்சுன்னு ஒரு வரி சொல்லிட்டாவது சிரிச்சிருக்கலாம்ல? சொல்லத் தெரியல, அதான் சிரிப்பு. ராத்திரி அந்தப் பொண்ணு மெசேஜ், "சார், தீசிஸ்லேர்ந்து படத்தை எடுத்துடறேன்." எடுக்காதம்மா. கரெக்‌ஷன்ல எடுக்கச் சொன்னா எழுத்துல கேளு, காரணத்தோட குடுக்கட்டும், பாப்போம்.