விஷ மீன் என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன கஷ்டம்?

தொட்டியில் வளர்க்க லயன்ஃபிஷ் என்ற கடல் மீனை விற்கிற கடைக்காரர்களிடம் கேட்கிறேன்: முள்ளில் விஷம் இருக்கிறது என்று வாங்குகிறவரிடம் சொல்ல உங்களுக்கு வாய் வராதா?

வேலூரில் எங்கள் சத்துவாச்சாரியில் தெரிந்த வீட்டுப் பையன், பத்தாவது படிக்கிறான். சேர்த்து வைத்த காசில் ஒன்று வாங்கி வந்தான். "சூப்பர் பீஸ் தம்பி" என்று கவரில் கட்டிக் கொடுத்ததோடு கடைக்காரர் வேலை முடிந்தது. தொட்டியில் சாய்ந்த கல்லை நிமிர்த்தக் கையை விட்டான், குத்திவிட்டது. வலியில் துடித்தவனுக்கு அவன் அம்மா ஐஸ் வைத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பதறும்போது யாருக்கும் அதுதான் தோன்றும். ஆனால் இந்த விஷம் புரதம், சூட்டில்தான் சிதையும். கை பொறுக்கிற வெந்நீரில், சுமார் 45 டிகிரியில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்க வேண்டும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் மற்றக் கையால் பார்த்துவிட்டு வையுங்கள். அப்புறம் உடனே டாக்டரிடம் போங்கள். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ வெந்நீருக்காகக் காத்திருக்கவே கூடாது. மீனை விற்கும்போது இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகுமா?

விசிறியாய் விரியும் பக்கத் துடுப்பைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். விஷம் அதில் இல்லை. முதுகில் நிற்கும் 13 முள்ளிலும், வயிற்றுக்கு அடியில் இருக்கும் துடுப்புகளின் முட்களிலும் இருக்கிறது. மீன் செத்த பிறகும் அந்த முள் குத்தினால் விஷம் ஏறும். தூக்கிப் போடும்போதுகூட வெறும் கை ஆகாது. இதைக் கடையில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அந்தப் பையனுக்கு விற்றது இரண்டடித் தொட்டி. ஒரு அடிக்கு மேல் வளர்கிற மீன் அதில் எப்படித் திரும்பும்? கூடவே நீமோ என்கிற சின்னக் கோமாளி மீன் ஜோடி ஒன்றையும் தலையில் கட்டியிருக்கிறார்கள். வாய்க்குள் போகிற அளவு மீனை லயன்ஃபிஷ் விட்டு வைக்காது, தெரிந்தேதானே விற்றார்கள்? விடிவதற்குள் இரண்டும் காலி. "கல் உப்பு போட்டால் போதும்" என்று வேறு அறிவுரை! நம் ஊர் போர் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்தால் கடல் தண்ணீர் ஆகிவிடுமா? ஆர்.ஓ. தண்ணீரும் கடல் மீனுக்கான உப்புக் கலவையும் வேண்டும். வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், இந்த மீனுக்கோ 25, 26தான் சரி. மதியம் கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் சொல்லவில்லை.

வளர்க்காதே என்று நான் சொல்லவில்லை. நானும் வளர்க்கிறேன், எனக்கு இந்த மீன் உயிர். நீளமான இடுக்கியால்தான் இறால் துண்டு கொடுப்பேன், வீட்டில் எல்லோருக்கும் எந்த முள் குத்தும் என்று காட்டி வைத்திருக்கிறேன். மன்னார் வளைகுடாப் பாறைகளில் அதுபாட்டுக்கு வாழ்கிற மீன் அது, தானாக வந்து யாரையும் கடிக்காது. பையன் கை வீங்கியதற்கு மீன் மேல் பழி போடாதீர்கள்.

அவன் அப்பாவோடு அந்தக் கடைக்குப் போய்ச் சண்டையே போட்டேன். "அவங்க கேட்கலையே சார், கேட்டிருந்தா சொல்லியிருப்போம்" என்கிறார். விஷம் இருப்பதே தெரியாதவன் எதைக் கேட்பான்? மீனைத் திரும்ப எடுக்கவும் மாட்டாராம். அட்டையில் "முள்ளில் விஷம், தொட்டிக்குள் கையை விடாதீர்கள்" என்று நானே எழுதி அந்தத் தொட்டியில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். கிழித்தால் மறுபடி ஒட்டுவேன்.