தேன் ஊற்றினால் சர்க்கரை இல்லாத பிஸ்கட் ஆகிவிடுமா?

"வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றி, மேலே டார்க் சாக்லேட் பூசிய வீட்டு ஓட்ஸ் பிஸ்கட்டில் சர்க்கரையே இல்லை, நீரிழிவு உள்ளவர்களும் கணக்குப் பார்க்காமல் சாப்பிடலாம்" என்றொரு தகவல் சுற்றிவருகிறது. தவறான தகவல், நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்தானதும்கூட.

தேனின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். குறைத்து உண்ண வேண்டிய சர்க்கரைகளின் கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனமும் தேனை வைத்திருக்கிறது. 70 சதவீதம் கோகோ உள்ள டார்க் சாக்லேட்டிலும் 100 கிராமுக்குச் சுமார் 30 கிராம் சர்க்கரை உண்டு. நாக்குக்குக் கசப்பதால் அது காணாமல் போய்விடாது.

ஓட்ஸின் புகழில் உண்மை இருக்கிறது. அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து, நாளொன்றுக்கு 3 கிராம் கிடைத்தால் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். ஆனால் அதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். அவ்வளவையும் பிஸ்கட்டாகவே தின்றால் வெண்ணெயும் சாக்லேட்டும் சேர்ந்தே உள்ளே போகும். (வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்பதும் தீர்வல்ல, கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு அதில் வெண்ணெயைவிட அதிகம்.)

உண்மையிலேயே சத்தான பிஸ்கட் வேண்டுமென்றால், இனிப்பு எதுவானாலும் அதில் கால் பங்கைக் குறையுங்கள். பிஸ்கட் சற்றே குறைவாகப் பரவும், நிறம் மங்கும், அவ்வளவுதான். சாக்லேட்டை ஒரு பக்கம் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். அளவைச் சிறிதாக்குங்கள். தேன்தான் வேண்டும் என்பவர்கள் அடுப்பின் சூட்டைச் சற்றுக் குறைக்க வேண்டும். தேன் சேர்த்த மாவு சீக்கிரம் கருகும்.